கொசுவைத் தேடி வயலுக்குப் போன வைத்தியம்



மருத்துவ ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்புகிறவர்களில் சிலர் அவ்வப்போது ஒரு கேள்வி எழுப்புவதுண்டு. "கட்டிலுக்கும் மருந்துக்கும் ஏழைப் பிள்ளைகளின் வைத்தியச் செலவுக்கும் என்றால் சந்தோஷமாகக் கொடுக்கிறோம். கிராமங்களில் கொசு பிடிப்பதற்கும், பன்றிக்கும் மாட்டுக்கும் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதற்கும் ஆஸ்பத்திரி ஏன் மெனக்கெட வேண்டும்? அது அரசாங்கத்தின் வேலையல்லவா?" நியாயமான கேள்விதான். இதற்குப் பொதுவாகப் பதில் எழுதுவதைவிட, ஒரே ஒரு வியாதியின் கதையை ஆதியிலிருந்து சொன்னால் விஷயம் விளங்கும் என்று நினைக்கிறோம்.

அந்த வியாதி ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரில் ஜப்பான் இருந்தாலும், இந்தியாவில் அது முதன்முதலாக மனிதரில் அடையாளம் காணப்பட்டது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிள்ளைகள் வார்டில்.

வார்டில் கண்டது

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் காய்ச்சலோடு வந்து படுக்கும். தலைவலி, வாந்தி. வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திடீரென்று வலிப்பு வரும். அதன்பின் கூப்பிட்டால் கண் திறக்காது. கழுத்து விறைத்துவிடும். சில பிள்ளைகளின் முகத்தில் அசைவே இல்லாமல் போகும். கைகால் நடுங்கும், அல்லது முறுக்கிக்கொள்ளும். நோய் முற்றி மூளை வீங்கியவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேர் இறந்துபோகிறார்கள். பிழைக்கிறவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதாவதொரு குறையோடுதான் வீடு திரும்புகிறார்கள். பேச்சு வராது, அல்லது ஒரு கை வழங்காது, அல்லது படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கும். விழுங்குவதையே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகளும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய் அந்தப் பிள்ளைக்காக வீட்டிலேயே இருக்க நேரிட்டால், அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் பாதி நின்றுவிடுகிறது. இறப்புக் கணக்கில் இது எதுவும் வராது.

1955-இல் வேலூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனித்தவர்கள் டாக்டர் ஜான் வெப், டாக்டர் ஷீலா பெரைரா ஆகியோர். அன்று மூளைக்காய்ச்சல் என்றால் பல காரணங்கள் இருக்கக்கூடும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீர் கலங்கலாக இருந்தால் அது சீழ் பிடித்த மூளையுறைக் காய்ச்சல். அதற்கு அப்போதே பெனிசிலின் இருந்தது. காசநோய் மூளையைத் தாக்கினால் நோய் வாரக்கணக்கில் மெதுவாக முற்றும். இந்தப் பிள்ளைகளுக்கோ நீர் தெளிவாக இருந்தது, நோயோ இரண்டு மூன்று நாட்களில் முற்றியது. பூச்சி கடிப்பதால் பரவும் வைரஸ் வகையாக இருக்கலாம் என்று அவர்கள் முடிவுக்கு வந்து, 1956-இல் அதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இப்படி ஒரு சந்தேகம் எழ வேறொரு காரணமும் இருந்தது. 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தன. (அதுவே 1978 முதல் தேசிய வைராலஜி நிறுவனம்.) அந்த மையம் நாட்டின் பல பகுதிகளில் ஆரோக்கியமான மக்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய வைரஸை எதிர்க்கும் சக்தி காணப்பட்டது. அதாவது, வியாதி இன்னதென்று ஒருவருக்கும் தெரியாத காலத்திலேயே வைரஸ் நம் ஊர்களில் உலவிக்கொண்டிருந்தது.

வேலூர்ப் பிள்ளைகளின் இரத்தம் பூனாவுக்குப் போயிற்று. இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. ஒரு முறை மட்டும் இரத்தம் எடுத்துப் பார்த்தால் அந்நாளில் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தி பல வருடங்களுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே நோய் வந்த முதல் வாரத்தில் ஒரு முறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். முதல் இரத்தத்தைவிட இரண்டாவதில் எதிர்ப்புச் சக்தி பல மடங்கு கூடியிருந்தால் அப்போதுதான் இது புதிய தாக்குதல் என்று கொள்ளலாம். ஆனால் மூன்று வாரத்தில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்காது. பிழைத்திருந்தால் ஊரில் இருக்கும். பஸ் போகாத ஊரானாலும் அந்த இரண்டாவது ஊசிக்காக யாராவது தேடிப் போயாக வேண்டும். ஆராய்ச்சி வார்டைவிட்டுக் கிராமத்துக்குப் போனதற்கு முதல் காரணம் இதுவே என்று சொல்லலாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில்

ஜப்பானில் இந்த வியாதி 1924-இல் பெருவாரியாகப் பரவி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் பாதிக்கு மேல் இறந்தனர். 1935-இல் அங்கே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். கொசு வழியாகப் பரவுகிறது என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. ஆனால் ஜப்பானில் எந்தக் கொசு என்பது தெரிந்திருந்தால் மட்டும் போதாது. நம் ஊரில் எந்தக் கொசு, எங்கே பிறக்கிறது, யாரைக் கடிக்கிறது, எந்த மாதத்தில் பெருகுகிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். சூரியன் மறைந்து விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு கையில் டார்ச் லைட்டும் மறு கையில் வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயுமாக ஆட்கள் மாட்டுக் கொட்டகைக்கும் பன்றிப் பட்டிக்கும் போவார்கள். மாட்டின் மேலும், பக்கத்துச் செடிகளிலும் வைக்கோல் போரிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிக் குழாயில் பிடிப்பார்கள். கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஆகவே பெண் கொசுக்களைத் தனியே பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்து இனம் இனமாக ஒதுக்கி, ஒவ்வொரு இனத்திலும் ஐம்பது வரை ஒரு சிறு குப்பியில் போட்டுக் கடுங்குளிரில் உறைய வைப்பார்கள். பிறகு அவற்றை அரைத்து, அந்தச் சாற்றைப் பிறந்து ஓரிரு நாளான சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்திக் காத்திருப்பார்கள். குஞ்சு நோயுற்றால் அதன் மூளையில் வைரஸ் இருக்கிறதா என்று தேடுவார்கள். ஆயிரக்கணக்கில் கொசு பிடித்தால் ஏதோ சில குப்பிகளில் மட்டும் வைரஸ் அகப்படும். மற்ற நாட்களெல்லாம் கடி வாங்கியதே மிச்சம்.

இப்படித் தேடித்தான் 1956-இல் வேலூர்ப் பகுதியின் கொசுக்களிலிருந்து வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1958-இல், இறந்துபோன நோயாளியின் மூளையிலிருந்தும் அதே வைரஸ் கிடைத்தது. வார்டில் எழுந்த சந்தேகம் இப்படி ஐயமில்லாமல் ஊர்ஜிதமாயிற்று.

கொசுவின் பெயர் கியூலெக்ஸ் விஷ்ணுய். அதனோடு உறவான கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்பதும் இந்த வியாதியைப் பரப்புவதில் முக்கியமானது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதன் குணங்கள் எளியவை. அது சாக்கடையில் பிறப்பதில்லை. நெல் வயலில் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. நாற்று நட்டு முதல் சில வாரங்கள், பயிர் இன்னும் குட்டையாக இருந்து வெயில் நீரில் படும்போது, அதன் புழுக்கள் மிகுதியாக இருக்கும். பயிர் வளர்ந்து நிழல் கட்டினால் குறையும். பகலில் வீட்டுக்குள் சுவரில் தங்காமல் வெளியே செடிகொடிகளில் தங்கும். கடிப்பது அந்தியிலும் இரவிலும்.

இந்தக் கடைசி இரண்டு விவரங்களுக்கும் பெரிய விலை உண்டு. மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் மருந்து அடிக்கும் திட்டம் நாடெங்கும் நடந்தது. வீட்டுச் சுவரில் உட்காராத கொசுவை அது எப்படித் தொடும்? எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்தடித்துப் பணத்தையும் நாளையும் கரைப்பது சுலபம்.

வட ஆற்காட்டின் கொசுக்களை இப்படி வருடக்கணக்கில் பொறுமையோடு ஆராய்ந்தவர்களில் டாக்டர் ரேச்சல் ரூபன் என்ற பெண் விஞ்ஞானியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர், 1985-இல் மதுரையில் ஏற்பட்ட மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்துக்குத் தலைமை வகித்தார். கொசு ஆராய்ச்சியில் பெயர் எடுப்பவர்கள் குறைவு. ஆயினும் இன்று நமக்குத் தெரிந்திருக்கிற பல காரியங்கள் இப்படிப்பட்டவர்களின் மாலை நேர உழைப்பில் வந்தவை.

கொக்கு, பன்றி, மாடு, மனிதன்

கொசுவுக்கு வைரஸ் எங்கிருந்து வருகிறது? நோயுற்ற பிள்ளையைக் கடித்த கொசுவிடமிருந்து என்றுதான் பலரும் நினைப்பார்கள். டெங்குவுக்கு அது சரி. இந்த வியாதிக்குச் சரியல்ல. மனித இரத்தத்தில் இந்த வைரஸ் மிகக் குறைந்த அளவில், சில நாள் மட்டுமே இருக்கிறது. அந்த இரத்தத்தைக் குடித்தாலும் கொசுவுக்குத் தொற்றாது. ஆகவே நோயுற்ற பிள்ளையைக் கண்டு பக்கத்து வீட்டார் பயப்பட வேண்டியதே இல்லை. அந்தப் பிள்ளையை ஒதுக்கி வைப்பதும் தேவையற்றது.

வைரஸின் வீடு நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. வயலில் தவளைக்கும் மீனுக்கும் காத்து நிற்கும் மடையான், மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு, இரவில் பறக்கும் வக்கா போன்றவை அதைச் சுமக்கின்றன. அவற்றுக்கு நோய் வருவதாகத் தெரிவதில்லை. பன்றிகளின் உடலிலோ வைரஸ் ஏராளமாகப் பெருகுகிறது. வளர்ந்த பன்றியும் நோயுற்றதாகக் காட்டிக்கொள்ளாது. சினைப் பன்றி கருச்சிதைவதுண்டு. ஆனால் அந்தச் சில நாட்களில் அதைக் கடிக்கிற கொசுக்கள் வைரஸை ஏற்றுக்கொள்கின்றன. பன்றி பல குட்டி போடுவதால், இதற்குமுன் வைரஸைக் காணாத இளம் உடல்கள் வருடந்தோறும் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஊரோரத்தில், குடிசைகளை ஒட்டிப் பன்றி வளரும் இடங்களில் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமாவது இதனால்தான். பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பில்லாத ஏழைகள். பன்றியை ஒழி என்று மேடையில் சொல்வது எளிது. அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்று சொன்னவர் யோசிப்பதில்லை. பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைப்பதற்கு உதவுவதே நடக்கக்கூடிய வழி.

மாடு இதற்கு நேர்மாறு. இந்தக் கொசுக்களுக்கு மாட்டு இரத்தம்தான் முதல் விருப்பம். மாட்டைக் கடித்த கொசு தன் விஷத்தை மாட்டினுள் இறக்கினாலும், மாட்டின் இரத்தத்தில் வைரஸ் பெருகுவதில்லை. சங்கிலி அங்கே அறுந்துபோகிறது.

இதைக் காட்டும் ஓர் ஆய்வு தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்தது. நெல் வயலே கொசுவுக்குத் தொட்டில் என்றால், கண்ணுக்கெட்டிய தூரம் வயலாக இருக்கும் தஞ்சாவூரில் இந்த வியாதி தலைவிரித்தாட வேண்டும். அப்படி இல்லை. அங்கே கிராமப் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது வைரஸ் தொட்டவர்கள் குறைவாகவே இருந்தார்கள். கடலூர் மாவட்டத்திலோ, முக்கியமாக 1981-இல் பெரிய பாதிப்பைக் கண்ட விருத்தாசலம் பகுதியில், வியாதி வருடந்தோறும் தலைகாட்டியது. கால்நடைகளை எண்ணிப் பார்த்தார்கள். கடலூரில் பன்றி ஒன்றுக்கு மாடு 20. தஞ்சாவூரில் பன்றி ஒன்றுக்கு மாடு 400. கொசுக்களின் கடி பெரும்பாலும் மாடுகளோடு போய்விடுவதால் வைரஸ் பெருக வழியில்லை என்பது 2000-இல் வெளியான அந்த ஆய்வின் விளக்கம்.

ஆனால் மாடு அதிகமானால் கொசுவுக்கு உணவும் அதிகம், கொசு பெருகும். ஆகவே வீட்டுக்கு வீடு மாடு கட்டினால் போதும் என்று யாரும் மருந்துச் சீட்டு எழுதிவிட முடியாது. உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்துவிட்ட ஊர்களில் அந்தக் கொசுக்கள் இனி எங்கே திரும்பும் என்பது எங்களுக்கு இருக்கும் கவலை.

வெளியே தெரியாத தொற்று

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விரல் நுனியில் சிறு ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுத்துப் பரிசோதிக்கும் முறை வந்த பிறகு இன்னொரு உண்மை துலங்கியது. வைரஸ் தொற்றும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஒரு நாள் உடம்பு சுட்டிருக்கும், அல்லது அதுகூட இருந்திராது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சுமார் 250 தொற்றுகளில் ஒன்றே கடும் நோயாகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளை வருகிறதென்றால் அதன் பின்னால், வெளியே தெரியாமல், சுற்றுப்புறக் கிராமங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோரை வைரஸ் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

1955 முதல் 1966 வரை தென்னிந்தியாவில் பதிவான நோயாளிகள் சுமார் 65 பேர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால், இத்தனை சிறிய தொல்லைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். 1973-இல் மேற்கு வங்காளத்தில் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களிலும், 1978-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியிலும் வியாதி பெருவாரியாக வெடித்தபோது வடநாட்டு மருத்துவர்களுக்கு அது இன்னதென்று கண்டுகொள்ள வழி இருந்தது. வைரஸும், அதைக் கண்டறியும் பரிசோதனையும், கொசுவின் சரித்திரமும் தயாராக இருந்தன.

இன்னொன்று. பெரியவர்களுக்கு இந்த வியாதி ஏன் அதிகம் வருவதில்லை? வைரஸ் நெடுநாளாக உலவும் ஊரில், பெரியவர்கள் சிறு வயதிலேயே அறியாமல் அதைக் கடந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கிறார்கள். ஆகவேதான் அது பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வியாதியாகத் தெரிகிறது.

வயலிலேயே வைத்தியம்

வைரஸைக் கொல்லும் மருந்து இந்த வியாதிக்கு இன்றுவரை இல்லை. வலிப்பை அடக்கலாம், மூளை வீக்கத்தைக் கவனிக்கலாம், மூச்சுக்கும் உணவுக்கும் துணை செய்யலாம். நல்ல பராமரிப்பு பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் எத்தனை கட்டில் போட்டாலும் வியாதி வருவதைக் கட்டில் தடுக்காது.

மதுரை மையத்தின் ஆய்வாளர்கள் வயலிலேயே சில வழிகளைப் பரீட்சித்தார்கள். கொசுப் புழு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. அதற்குள் இரண்டு மூன்று நாள் வயலை நீரில்லாமல் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால் புழுக்கள் மடிந்துவிடும். விளைச்சலும் குறையவில்லை, தண்ணீரும் மிச்சம். ஆனால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் இதைச் செய்தால்தான் பலன் உண்டு. மடையில் தண்ணீர் எப்போது வரும் என்பதே நிச்சயமில்லாத விவசாயி, வந்த தண்ணீரை வடித்துவிட மனம் ஒப்புவாரா? ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள ஊர்களில் இது ஒரே மாதிரி நடக்காது.

யூரியா போட்ட வயலில் கொசுப் புழு கூடுவதையும் அவர்கள் கண்டார்கள். அதே யூரியாவை வேப்பம் புண்ணாக்குத் தூளோடு கலந்து போட்டபோது புழுக்கள் குறைந்தன, பயிருக்கும் நன்மையே. 2015 முதல் நம் நாட்டில் யூரியாவை வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அது உரம் வீணாகாமல் இருப்பதற்காக வந்த சட்டம். எண்ணெய்ப் பூச்சும் புண்ணாக்குத் தூளும் ஒன்றல்ல. ஆகவே அதனால் கொசு ஒழிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

அந்த ஆய்வாளர்கள் கொசுவில் வைரஸ் தேடும் முறையையும் மாற்றினார்கள். சுண்டெலிக் குஞ்சுகளுக்குப் பதிலாக, இரத்தமே குடிக்காத டாக்ஸோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதனுள் சாற்றைச் செலுத்தி வைரஸ் வளர்கிறதா என்று பார்த்தார்கள். கடிக்காத கொசுவாதலால் தப்பிப் பறந்தாலும் ஒருவருக்கும் தீங்கில்லை.

தடுப்பூசியும், அதன்பின் வந்த புதிரும்

2005-இல் உத்தரப் பிரதேசத்தில் இந்த மூளைக்காய்ச்சல் 6,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குப் பிறகு 2006 முதல், நோய் மிகுந்த மாவட்டங்களில் ஒரு வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சீனாவில் தயாரான தடுப்பூசி போடப்பட்டது. 2013-இல் இந்தியத் தடுப்பூசி ஒன்று வந்தது. அதற்கு அடிப்படையான வைரஸ், 1980-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்துப் பூனா நிறுவனத்தில் பாதுகாத்து வைத்தது. யாரோ ஒருவர் அந்த நாளில் மாதிரியைச் சரியாக எடுத்து, குளிர் குறையாமல் அனுப்பி, குப்பியில் எண் எழுதி வைத்ததால் முப்பது வருடம் கழித்து அது தடுப்பூசியாயிற்று.

கோரக்பூரில் கதை அத்துடன் முடியவில்லை. தடுப்பூசி போட்ட பிறகும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிள்ளைகள் மூளைக்காய்ச்சலோடு நூற்றுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். பரிசோதித்தால் பெரும்பாலோருக்கு ஜப்பானிய வைரஸ் இல்லை. தடுப்பூசி பலிக்கவில்லை என்றும் சிலர் பேசினார்கள். மறுபடியும் ஆய்வாளர்கள் வார்டுக்கும் கிராமத்துக்கும் போனார்கள். 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் முதலானவை செய்த ஆய்வுகளில், அந்தப் பருவத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு தொற்று இருந்தது தெரியவந்தது. இது கொசுவால் வருவதல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிப்பூச்சி கடிப்பதால் வருவது. வைரஸும் அல்ல. ஆகவே இதற்கு மருந்து உண்டு. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற சாதாரண மாத்திரைகள். காய்ச்சல் வந்த முதல் நாட்களில் கொடுத்தால் மூளையைத் தாக்கும் முன்பே நோய் அடங்கிவிடும். விலை மிகக் குறைவு. என்ன வியாதி என்று தெரியாததால் அந்த மாத்திரை கிடைக்காமல் எத்தனை பிள்ளைகள் போனார்களோ என்று எண்ணும்போது மனம் பாரமாகிறது.

இன்று முதுகுத்தண்டு நீரிலோ இரத்தத்திலோ ஒரே பரிசோதனையில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. டெங்கு, மேற்கு நைல் போன்ற உறவுக்கார வைரஸ்கள் சில சமயம் பரிசோதனையைக் குழப்புவதால், சந்தேகமானவற்றைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கிராமப்புற ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு குளிர்பெட்டியும், மாதிரி எடுக்கத் தெரிந்த ஒரு நர்ஸும், ஊருக்குப் போய்வர ஒரு வண்டியும் இருந்தால் இவ்வளவும் செய்யலாம். "கொசு பிடிக்கவா பணம்" என்று கேட்ட நண்பர்களுக்கு, அந்தப் பணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட செலவுகளுக்கே போகிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

கிராமங்களில் உறவினர் உள்ள வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தை. நோய் காணும் மாவட்டங்களில் இந்தத் தடுப்பூசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகிறது: பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி, பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கும் இடையில் இரண்டாவது. முதல் ஊசியோடு தாய்மார் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அட்டையை எடுத்துப் பார்த்து இரண்டாவதையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ சாவியோ தண்ணீரோ எதையும் திணிக்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ காதின் பின்னாலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த சிறு புண் இருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அது ஸ்க்ரப் டைபஸின் அடையாளமாக இருக்கக்கூடும்.